நாடி பிடித்த கைகள்

இராசபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் விசைத்தறிகள் நெய்யும் மெல்லிய வெண்துணி, காயத்திற்குக் கட்டுப்போடுவதற்கென்றே நெய்யப்படுவது. அவ்வூரிலும் அதைச் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் பல குடும்பங்கள் அத்தொழிலை நம்பி வாழ்கின்றன. அத்தகைய துணியே மருத்துவமனைகளில் காயத்தை மூடுகிறது. அறுவை அரங்கில் குருதியை ஒற்றியெடுக்கிறது. அறுவை தொடங்குமுன் செவிலியர் அத்துணித் துண்டுகளை எண்ணி வைக்கிறார். உடலைத் தைத்து மூடுமுன் மீண்டும் எண்ணுகிறார். இரண்டு எண்களும் ஒத்திருக்க வேண்டும். ஒரு துண்டு உள்ளே தங்கிவிட்டால், நோயைத் தீர்க்கச் செய்த அறுவையே புதிய நோய்க்குக் காரணமாகிவிடும்.

அங்கிருந்து சிறிது தொலைவில் உள்ளது திருவில்லிபுத்தூர். அங்குள்ள அரசு மருத்துவமனையிலும், தமிழகத்தின் எந்த மகப்பேற்றுப் பிரிவிலும் எந்நாளும் காணக்கூடிய காட்சி ஒன்று உண்டு. ஒரு மணிநேரத்திற்கு முன்பு பிள்ளை பெற்ற இளந்தாய் படுத்திருக்கிறாள். செவிலியப் பயிற்சி மாணவி ஒருத்தி அவளது மணிக்கட்டில் மூன்று விரல்களை வைத்து நாடித்துடிப்பை எண்ணுகிறாள். கட்டைவிரலை அதற்குப் பயன்படுத்துவதில்லை. அதிலுள்ள துடிப்பே எண்ணுபவரை ஏமாற்றிவிடும். ஒரு நிமிடம் முழுதாய் எண்ணியபின், கையை எடுக்காமலே தாயின் மூச்சையும் எண்ணுகிறாள். மூச்சை எண்ணுகிறார்கள் என்று தெரிந்துவிட்டால் எவரும் இயல்பாக மூச்சு விடுவதில்லை. பிறகு வயிற்றை அழுத்திப் பார்த்துக் கருப்பை இறுகியுள்ளதா எனக் காண்கிறாள், உதிரப்போக்கைக் கவனிக்கிறாள், நேரத்தைக் குறித்துத் தாளில் எழுதுகிறாள். கால்மணி கழித்து மீண்டும் வருவாள். வெளியே காத்திருக்கும் கணவனுக்கு இதில் வியப்பேதும் இல்லை.

ஏறத்தாழ 130 ஆண்டுகளுக்கு முன்பு, இதே தமிழ்நிலத்தில், இந்த எளிய தொடுகை கிட்டாமல் மூன்று பெண்கள் ஒரே இரவில் மாண்டனர். அந்த இரவு, இருபது வயதை ஒட்டிய ஒரு பெண்ணின் வாழ்க்கைப் போக்கையே மாற்றியது. அவர்தாம் ஐடா சோபியா ஸ்கடர்.

ஐடா 1870 டிசம்பர் 9 அன்று இராணிப்பேட்டையில் பிறந்தார். அமெரிக்க மருத்துவ ஊழியக் குடும்பம் அது. அவருடைய பாட்டனார் ஜான் ஸ்கடர் 1819இல் இலங்கைக்கு வந்து யாழ்ப்பாணப் பகுதியில் மருத்துவம் செய்தவர்; பின்னர்ச் சென்னைக்கு வந்தவர். தந்தையும் மருத்துவர். உடன்பிறந்த ஐவரும் ஆண்கள், ஐடா கடைக்குட்டி. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும்பஞ்சத்தைப் பிள்ளைப் பருவத்தில் கண்ணெதிரே கண்டார். எழுந்து நிற்கவும் வலுவற்ற குழந்தைகளின் வாயில் ரொட்டித் துண்டுகளை ஊட்டிய நினைவு அவரை விட்டு நீங்கவில்லை. அந்நினைவு அவரை இந்நாட்டை நோக்கி ஈர்க்கவில்லை. இங்கிருந்து விலகி ஓடவே தூண்டியது. அமெரிக்காவில் பள்ளிக்கல்வி பெற்றபோது, குடும்பத்தார் செய்த பணியைத் தாம் ஏற்பதில்லை என்ற உறுதி அவரிடம் இருந்தது. தாய் நோயுற்ற செய்தி கேட்டு 1890இல் திண்டிவனத்திற்கு வந்தபோதும், விரைவில் திரும்பிவிடும் எண்ணத்துடனேயே வந்தார்.

அங்கே ஓரிரவு, விளக்கொளியில் அமர்ந்திருந்தவரைத் தேடி அந்தணக் குடும்பத்து இளைஞர் ஒருவர் வந்தார். அவருடைய இளம் மனைவி பேறுகால வேதனையில் துடித்துக்கொண்டிருந்தாள். ஊர் மருத்துவச்சி கைவிரித்துவிட்டாள். ஐடா, தாம் மருத்துவம் படித்தவர் அல்லர் என்றும், தம் தந்தையை அழைத்து வருவதாகவும் கூறினார். வேற்று ஆடவர் ஒருவர் தம் மனைவியைப் பார்ப்பதற்கு வழக்கம் இடந்தராது என்று கூறி அவ்விளைஞர் திரும்பிச் சென்றார். சற்று நேரத்தில் இசுலாமியர் ஒருவர் அதே வேண்டுகோளுடன் வந்தார். அதே விடையுடன் சென்றார். மூன்றாவதாக மற்றோர் இந்துக் குடும்பத்தவர் வந்தார். அவரும் வெறுங்கையோடு திரும்பினார். விடிந்ததும் தெருவில் சாப்பறை ஒலித்தது. பணியாளரை அனுப்பி விசாரித்தபோது, மூன்று பெண்களும் இறந்துவிட்ட செய்தி கிடைத்தது.

இந்நிகழ்ச்சியைச் சொல்வோர் பலர், அந்தக் கணவர்களைக் கல்நெஞ்சராகக் காட்டிவிடுகின்றனர். அது நேர்மையன்று. நள்ளிரவில் முன்பின் அறியாத அயல்நாட்டார் வீட்டுக் கதவைத் தட்டியவர்கள் மனைவியர்மீது அன்பற்றவர்களாக இருந்திருக்க முடியாது. அவர்களைத் தடுத்து நிறுத்தியது தலைமுறை தலைமுறையாக வந்த நாணமும் அச்சமும். அந்த நாணம் இந்நாட்டிற்கு மட்டும் உரியதும் அன்று. 1816இல் பாரிசு நகரத்து மருத்துவர் லேனக், ஓர் இளம்பெண்ணின் மார்பில் காதை வைத்து இதய ஒலியைக் கேட்கக் கூசினார். தாளைக் குழலாகச் சுருட்டி வைத்துக் கேட்டார். இன்று மருத்துவர் கழுத்தில் தொங்கும் இதயவொலிமானி அந்தத் தயக்கத்தில் பிறந்த கருவியே. திண்டிவனத்தில் அத்தகைய குழல் எதுவும் கைகொடுக்கவில்லை. சென்னை மருத்துவக் கல்லூரி 1875 முதலே பெண்களைச் சேர்த்து வந்தது. அங்குப் பயின்ற மேரி ஷார்லீப் 1885இல் சென்னையில் கோஷாப் பெண்களுக்கென மருத்துவமனை தொடங்கியிருந்தார். இன்றைய கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை அதன் தொடர்ச்சியே. ஆயினும் நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் மருத்துவர், அன்றிரவு திண்டிவனத்தில் தவித்த பெண்ணுக்கு இல்லாதவரே. அம்மூவரும் எதனால் இறந்தனர் என்பதை அறிந்தவர் எவருமில்லை. அறியும் பொருட்டு, மருத்துவம் கற்ற கை எதுவும் அவர்களைத் தொட்டுப் பார்க்கவில்லை.

அன்று காலையே ஐடா தம் முடிவைப் பெற்றோரிடம் தெரிவித்தார். அமெரிக்கா சென்று பிலடெல்பியாவில் இருந்த பெண்கள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். கார்னெல் பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கல்லூரி பெண்களுக்கும் இடமளித்தபோது அங்கு மாறி, 1899இல் பட்டம் பெற்றார். அவர் பயின்ற காலம் மருத்துவ வரலாற்றில் முதன்மையானது. தொடுதல் உயிர் காக்கும். அதே தொடுதல் உயிரைப் பறிக்கவும் கூடும் என்பதை அந்நூற்றாண்டு பெருவிலை கொடுத்துக் கற்றிருந்தது. 1847இல் வியன்னா நகர மகப்பேற்று மருத்துவமனையில் செம்மல்வைசு என்னும் மருத்துவர், பிணக்கூறு ஆய்வு முடித்த மாணவர்கள் கழுவாத கைகளோடு தாய்மாரைத் தொடுவதே அங்கு மலிந்திருந்த பேறுகாலக் காய்ச்சலுக்குக் காரணம் எனக் கண்டார். குளோரினேற்றிய சுண்ணாம்பு நீரில் கைகழுவச் செய்தார். நூற்றுக்குப் பத்தைத் தாண்டியிருந்த இறப்பு, சில மாதங்களில் இரண்டு அளவுக்குக் குறைந்தது. அவர் வாழ்ந்த காலத்தில் மருத்துவ உலகம் அதை ஏற்க மறுத்தது. ஐடா மாணவியானபோது, கைகழுவாமல் நோயாளியைத் தொடுவது பிழை என்பது பாடமாகவே ஆகியிருந்தது.

மனைவி மேரி டேபரின் நினைவாக ஷெல் என்னும் வங்கியாளர் வழங்கிய 10,000 டாலர் நன்கொடையுடன், 1900ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஐடா தமிழகம் திரும்பினார். வழிகாட்டியாக இருந்து தொழிலின் நுணுக்கங்களைக் கற்பிப்பார் என்று நம்பியிருந்த தந்தை, அவ்வாண்டு மே மாதத்திலேயே புற்றுநோயால் காலமானார். முப்பது வயதுகூட நிரம்பாத ஐடா வேலூரில் தனித்து நின்றார். தங்கியிருந்த வீட்டின் ஓர் அறையே மருந்தகம். ஒரு கட்டிலே மருத்துவமனை. மக்கள் எளிதில் வந்துவிடவில்லை. ஆண் மருத்துவரிடம் செல்லாத பெண்கள், பெண் மருத்துவர் என்றதும் ஓடி வந்துவிட்டதாகச் சொல்வது கதைக்கு அழகாக இருக்கலாம், நடந்தது அதுவன்று. நம்பிக்கை ஒவ்வொரு வீடாகத்தான் கிடைத்தது. எனினும் இரண்டு ஆண்டுகளில் அவரிடம் மருத்துவம் பெற்றோர் ஏறத்தாழ 5,000 பேர். 1902இல் 40 படுக்கைகளுடன் மேரி டேபர் ஷெல் மருத்துவமனை திறக்கப்பட்டது.

அக்காலத்தில் அவருக்குத் துணையாக நின்றவர் சலோமி என்னும் பெண். வீட்டுப் பணியாளர் ஒருவரின் மனைவி. மருத்துவம் கற்றவர் அல்லர். கருவிகளைக் கொதிநீரில் இட்டு எடுக்கவும், கேட்ட கருவியைக் கேட்ட நொடியில் எடுத்துத் தரவும், மயங்கிக் கிடப்பவரின் அருகிலிருந்து கவனிக்கவும் ஐடாவிடமே பழகிக்கொண்டார். சலோமியின் வாழ்வைப் பற்றி நூல்கள் கூறுவது சில வரிகளே. ஆனால், ஐடா பின்னாளில் எழுப்பிய செவிலியர் பள்ளியின் முதல் மாணவி என்று ஒருவரைச் சொல்ல வேண்டுமாயின் அவரைத்தான் சொல்ல வேண்டும்.

மருத்துவமனை வளர வளர ஓர் உண்மை ஐடாவுக்குத் தெளிவாயிற்று. மருத்துவர் ஒரு நோயாளியின் அருகில் நிற்பது சில நிமிடங்களே. ஆபத்து வருவதோ அவர் நகர்ந்தபின். காய்ச்சல் நள்ளிரவில் ஏறும். கட்டுப்போட்ட காயம் விடியலில் கசியும். பிள்ளைப்பேறு நலமாக முடிந்தது என்று அனைவரும் அயர்ந்திருக்கும் முதல் ஓரிரு மணிநேரத்தில்தான் பல தாய்மாருக்கு உதிரப்போக்கு கட்டுமீறுகிறது. அப்போது உடல் முன்னறிவிப்புத் தராமல் இருப்பதில்லை. நிமிடத்திற்கு 60 முதல் 100 வரை இருக்கவேண்டிய நாடித்துடிப்பு மெல்ல ஏறத் தொடங்கும். தோல் குளிர்ந்து வெளிறும். குருதி அழுத்தம் பெரும்பாலும் அதன் பிறகே தாழும். அழுத்தம் தாழ்ந்தபின் விழித்துக்கொள்பவர் காலம் தாழ்த்தியவர் ஆகிறார். ஒரே ஒரு முறை எடுத்த எண் அவ்வளவாகப் பயன்படாது. முந்தைய எண்ணோடு ஒப்பிடும்போதே அது பேசும். ஆகவே எண்ணத் தெரிந்தவரும், எழுதி வைப்பவரும், மாற்றம் கண்டதும் தயங்காமல் குரல் கொடுப்பவருமான ஒருவர் இரவு பகலாக நோயாளியின் அருகில் இருத்தல் வேண்டும்.

1909இல் ஐடா வேலூரில் செவிலியர் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். டெலியா ஹூட்டன் என்னும் அமெரிக்கச் செவிலியர் அதனைப் பொறுப்பேற்று நடத்தினார். சென்னைப் பொது மருத்துவமனையில் 1871 முதலே செவிலியர் பயிற்சி இருந்து வந்தது. ஆனால், தமிழ்ப்பெண்களை அத்தொழிலுக்கு அழைத்து வருவது எளிதாக இல்லை. பிறருடைய குருதியையும் சீழையும் கழிவையும் தொடுவது இழிந்த வேலை எனக் கருதப்பட்டது. அயலார் உடலைத் தொடும் பெண்ணுக்கு மணம் பேசி வருவோர் உண்டா எனப் பெற்றோர் அஞ்சினர். இரவுப் பணி என்றாலே ஊர்வாய் பேசிற்று. திண்டிவனத்தில் ஆடவரின் தொடுகையை மறுத்த அதே தடை, வேலூரில் பெண்களைத் தொட விடாமல் தடுக்கும் வேறொரு வடிவில் வந்து நின்றது. தொடக்கத்தில் கிறித்தவக் குடும்பத்துப் பெண்களே மிகுதியாக வந்தனர். சாதி பாராமல் எல்லா நோயாளியரையும் ஒரே கையால் தொட வேண்டும் என்பதை எழுத்தில் படிப்பது எளிது. கூடத்தில் பத்தாவது கட்டிலருகே நிற்கும்போது அதுதான் கடினமான பாடமாக இருந்திருக்கும்.

மருத்துவமனைக்கு வர இயலாதவர்களைத் தேடி ஐடா சாலைக்குச் சென்றார். முதலில் மாட்டுவண்டி; 1909 முதல் பிரான்சு நாட்டுப் பெஜோ மகிழுந்து. வாரந்தோறும் குடியாத்தம் செல்லும் வழியில் மரநிழல்களில் மக்கள் காத்திருப்பர். வண்டி நிற்கும் இடமே மருத்துவமனை. புண்களைக் கழுவிக் கட்டுதல், கண்ணுக்கு மருந்திடுதல், பல் பிடுங்குதல், மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவேண்டியவரைப் பிரித்தறிதல் ஆகியன சாலையோரத்திலேயே நடந்தன. கருவிகள் மிகச் சில. கண்ணால் பார்த்தல், கையால் தொட்டறிதல், விரலால் தட்டிக் கேட்டல், செவியால் கேட்டறிதல் என்னும் நான்கு வழிகளே அங்கே கைகொடுத்தன. இன்றும் உடற்பரிசோதனைப் பாடத்தில் மாணவர் கற்கும் முதல் நான்கு வழிகள் இவையே.

பெண்களுக்கெனத் தனி மருத்துவப் பள்ளி தொடங்க அவர் முனைந்தபோது, மூன்று விண்ணப்பங்கள் வந்தாலே வியப்பு என்று மாகாண மருத்துவத் துறையின் தலைவர் கருதினார். வந்தவை 151. 1918 ஆகஸ்டில் பள்ளி திறக்கப்பட்டது. முதலாண்டுத் தேர்வில் ஆண்கள் பயின்ற பள்ளிகளில் பெரும்பாலோர் தவற, வேலூரிலிருந்து எழுதிய 14 பெண்களும் தேறினர். இருபது ஆண்டுகள் கழித்து வேறொரு சோதனை வந்தது. மருத்துவப் பள்ளிகள் அனைத்தும் பட்டப்படிப்பு வழங்கும் கல்லூரிகளாக உயர வேண்டும் என்று 1938இல் அரசு விதித்தது. கட்டடம், ஆய்வகம், ஆசிரியர் என எல்லாவற்றிற்கும் பெரும்பொருள் தேவை. எழுபது வயதில் ஐடா மீண்டும் அமெரிக்கா சென்று ஊர் ஊராக நிதி திரட்டினார். ஆண்களையும் சேர்த்தால்தான் கல்லூரி நிலைக்கும் என்ற கருத்து எழுந்தபோது, அவரை நெடுங்காலம் ஆதரித்த பெண்களிலேயே சிலர் கடுமையாக எதிர்த்தனர். பெண்களுக்காகவே தொடங்கிய ஒன்றைப் பொதுவாக்குவது ஐடாவுக்கும் எளிதாக இருந்திருக்காது. ஆனாலும் அவர் இசைந்தார். 1947இல் ஆண்களும் சேர்க்கப்பட்டனர். அதற்கு முந்தைய ஆண்டு, 1946இல், தில்லியிலும் வேலூரிலும் செவிலியர் கல்வி பட்டப்படிப்பாகத் தொடங்கியது. இந்தியாவில் செவிலியப் பட்டம் பிறந்தது அவ்வாண்டில்தான். அதே காலத்தில் ஐடா பொறுப்பிலிருந்து ஓய்வு பெற, இந்தியப் பெண்மணியான மருத்துவர் ஹில்டா லாசரசு தலைமை ஏற்றார்.

தொடுகையை மறுக்கும் வழக்கத்தின் மிகக் கொடிய வடிவம் தொழுநோயாளர்மீது இருந்தது. ஐடாவின் முதுமைக் காலத்தில் வேலூருக்கு வந்த மருத்துவர் பால் பிராண்டு, அந்நோயாளரின் கைகளைத் தம் கைகளில் எடுத்து ஆராய்ந்தார். விரல்கள் நோயினால் நேரே அழுகி உதிர்வதில்லை. நரம்பு கெட்டு வலியுணர்வு அற்றுப் போவதால், சுடுகலத்தைப் பிடித்தாலும் ஆணி குத்தினாலும் அவர்கள் அறிவதில்லை. அக்காயங்களே விரல்களைத் தின்கின்றன எனக் கண்டார். உறங்கும்போது எலி கடித்ததையும் உணராதோர் இருந்தனர். 1948 முதல் முடங்கிய கைகளை அறுவையால் சீர்செய்தார். அறுவைக்கு இணையாக வேண்டியிருந்தது ஓர் எளிய பழக்கம்: நாள்தோறும் கை, கால்களை உற்றுப் பார்த்தல். நோயாளியின் உடல் வலியால் சொல்லாததைச் செவிலியரின் கண் கண்டு சொல்ல வேண்டியிருந்தது. இன்று நீரிழிவு நோயாளரின் பாதங்களைச் செவிலியர் நாள்தோறும் பார்ப்பதற்கும் காரணம் இதுவே.

இந்தியாவில் டாக்டர் ஐடா என்று மட்டும் முகவரி எழுதிய மடல் ஒன்று அவரிடம் வந்து சேர்ந்ததாகச் சொல்வர். இறுதிக்காலத்தைக் கொடைக்கானலில் கழித்த ஐடா, 1960 மே மாதம், தம் 89ஆம் வயதில் அங்கேயே மறைந்தார். அவர் மணம் செய்துகொள்ளவில்லை. ஒரு கட்டிலோடு அவர் தொடங்கிய இடம், கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையாக வளர்ந்து, நாட்டின் பல மாநிலங்களிலிருந்தும் மக்கள் நாடி வரும் இடமாகியுள்ளது.

திருவில்லிபுத்தூர் போன்றதொரு நகரின் மகப்பேற்றுக் கூடத்தில் கால்மணி கழிந்திருக்கும். மாணவி மீண்டும் அத்தாயின் கட்டிலருகே வருகிறாள். கைகளைக் கழுவித் துடைக்கிறாள். பெயரைக் கேட்டு, மணிக்கட்டில் கட்டியுள்ள அட்டையோடு ஒத்துப் பார்க்கிறாள். முன்பு 84 ஆக இருந்த நாடித்துடிப்பு இப்போது 98. இன்னும் நூறைத் தாண்டவில்லை, எனினும் ஏறியிருக்கிறது. வயிற்றில் கை வைக்கிறாள். முன்பு பந்துபோல் இறுகியிருந்த கருப்பை சற்றுத் தளர்ந்திருக்கிறது. அந்தக் கையை எடுக்காமல் அழுத்தித் தேய்த்தபடியே, மறுகையால் அழைப்புமணியை அழுத்துகிறாள். மூத்த செவிலியர் விரைந்து வருகிறார். மாணவி நாடித்துடிப்பின் இரண்டு எண்களையும் சொல்கிறாள்.